ஊதல் யார் கையில்?

(அருள்புரத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கக் கூப்பிடுவார்கள், போவேன். பந்து விளையாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டது நீங்கள்தான். தம்பிகள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அண்ணா, ரெஃப்ரி அவிங்க ஆளா இருந்தா நாம என்ன பண்றது?"

இதைச் சின்னப் பசங்க கேள்வி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில், தாலுகா ஆபீஸ் மரத்தடியில், ஊர்ப் பஞ்சாயத்தின் ஓரத்தில் கைகட்டி நின்று நம்முடைய அப்பன் பாட்டன் கேட்ட கேள்வி இதுதான். எழுதுகிறவன் யார் ஆள்? தீர்ப்புச் சொல்கிறவன் எந்தத் தெரு? அவர்கள் அதை முணுமுணுப்பாகக் கேட்டார்கள். இந்தப் பசங்க டவுசரும் பூட்சும் போட்டுக்கொண்டு மைதானத்தின் நடுவில் நின்று சத்தமாகக் கேட்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் கிடையாது.

போன வருஷம் நடந்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான செவன்ஸ் போட்டி. நானும் கோட்டோரத்தில் நின்றேன். நம் அணியில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகிறவர்கள், மீதிப் பேர் படிப்பை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போகிறவர்கள். நடுவராக வந்தவரைப் போட்டது விழாக் கமிட்டி. முதல் நாள் ராத்திரி அவர் சாப்பிட்டது கமிட்டித் தலைவர் வீட்டில். கோப்பை வாங்கிக் கொடுத்ததும் அதே வீடு. அரை இறுதியில் நம்மோடு மோதிய அணியில் அந்த வீட்டுப் பையன் ஆடினான். இதிலெல்லாம் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. நோட்டீசிலேயே போட்டிருந்தது.

என்னை உறுத்தியது மைக். வர்ணனை சொன்னவர் எதிர் அணியில் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி, இன்னார் மகன் என்று சொல்லிக் கொண்டாடினார். நம் பையன்கள் ஆட்டம் முழுக்க "காலனி ஏழு", "காலனி நாலு". மூன்று கோல் போட்ட பையனுக்குக்கூடப் பெயர் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் அவனைக் காலை வாரிவிட்டபோது ஊதல் வரவில்லை. "ஏன் சார்?" என்று கேட்டதற்கு உடனே வந்தது. மஞ்சள், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதும் சிவப்பு. ஆறு பேராக ஆடித் தோற்றோம். ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது எதிர் அணியின் கோலி, ஊர்க்காரப் பையன்தான், நம் பையனிடம் மெதுவாகச் சொன்னான்: "டேய், அது பெனால்டிதான்டா." அந்தப் பையனை எனக்கு மறக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது. ஊதல் அவனிடம் இல்லை.

சரி. இதைக் கேட்டதும் நம்மிடம் ஒரு கேள்வி வரும். "தோக்கறவன் எல்லாம் ரெஃப்ரியத்தான் குத்தம் சொல்லுவான், நீங்க எல்லாத்துலயும் சாதி பாக்கறீங்க." இந்தக் கேள்வியைக் கண்டு கோபப்பட்டு எழுந்து போய்விடக் கூடாது. உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

1951 நவம்பரில் அமெரிக்காவில் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதின. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்கிற, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். மூக்கு உடைந்தது, கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்று இரண்டு உளவியல்காரர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, தப்பாட்டங்களை எண்ணச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் பையன்கள் கண்ணுக்கு எதிரி செய்த தப்பு சராசரி 9.8, தங்கள் அணி செய்தது 4.2. அதே சுருளைப் பார்த்த டார்ட்மத் பையன்களுக்குத் தங்கள் அணி செய்தது 4.3, எதிரி செய்தது 4.4. ஒரே படம்தான். 1954இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ஆக, கோட்டோரத்தில் நிற்கிறவன் கண் தன் ஆளைத்தான் பார்க்கும். நம் கண்ணும் விலக்கல்ல. நம் பையன் சட்டையைப் பிடித்து இழுத்தது எனக்கும் சில சமயம் தெரிவதில்லை.

ஊர்க்கார நண்பர்கள் இதோடு கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட வேண்டாம். பார்க்கிறவன் கண் இப்படி என்றால், ஊதுகிறவருக்கும் அதே இரண்டு கண்தானே? அதுவும் ஒரு தெருவில், ஒரு வீட்டில், ஒரு பந்தியில் வளர்ந்த கண்தானே?

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 40 நடுவர்களை உட்காரவைத்து லிவர்பூலும் லெஸ்டரும் ஆடிய ஆட்டத்திலிருந்து 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, இன்னொரு பிரிவினருக்கு ஊமைப் படமாக. இரைச்சலோடு பார்த்தவர்கள் சொந்த மைதானத்து அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். 2002இல் வந்த ஆய்வு. 2005இல் இன்னொன்று வந்தது, ஸ்பெயின் லீக்கைப் பற்றி. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர் கடைசியில் கூடுதல் நிமிஷங்களை நீட்டுகிறார், ஒரு கோல் முன்னால் இருந்தால் சுருக்குகிறார். இவர்கள் காசு வாங்கினார்கள் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. தான் நேர்மையாக நடப்பதாகவே ஒவ்வொருவரும் நம்பியிருக்கக்கூடும். 2020இல் கொரோனா வந்து ஐரோப்பாவில் ஆளில்லாத மைதானங்களில் ஆடியபோது வெளியூர் அணிக்கு மஞ்சள் அட்டை விழுவது குறைந்தது. கத்த ஆள் இல்லை, அட்டையும் குறைந்தது.

இங்கே நான் யோசிப்பது கத்துகிற உரிமையைப் பற்றி. அவர்கள் மைதானத்தில் அவர்கள் கத்தினால் அது உற்சாகம். நாம் பத்துப் பேர் போய்ப் பறையடித்துக் கத்தினால் "காலனிக்காரனுக தகராறு பண்ண வந்துட்டானுக", ஸ்டேஷனுக்கு போன் போகும். ஆகவே இரைச்சல் என்பது வெறும் இரைச்சல் இல்லை. அதற்கும் தெரு உண்டு. ஆய்வு செய்த வெள்ளைக்காரர்களுக்கு இந்த அளவுகோல் கிடைக்கவில்லை. நம்மிடம்தான் இருக்கிறது.

"எங்க ஊர்ல சாதியெல்லாம் யாரும் பாக்கறதில்லீங்க" என்பார்கள். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அயர்லாந்தில் மில்ஃபோர்டு என்று ஒரு நெசவாலை ஊர். லினன் நெய்கிற மில் முதலாளி மகன் வில்லியம் மெக்ரம், அந்த ஊர் அணியின் கோலி. கோல் வாய்க்கு எதிரே வேண்டுமென்றே காலை வாரிவிடுவதைப் பார்த்துச் சலித்துப்போய், இதற்குத் தனித் தண்டனை வேண்டும் என்றார். பெனால்டி கிக் அப்படித்தான் பிறந்தது. நம்மைப்போல் நூலும் துணியுமாக வாழ்ந்த ஊரிலிருந்து வந்த சட்டம், தம்பிகளே. முதலாளி வீட்டு யோசனைதான், இருந்தாலும் நல்ல யோசனை. இங்கிலாந்துக் கனவான்களுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கனவான் எவனும் வேண்டுமென்று தப்பாட்டம் ஆடமாட்டான், அப்படி நினைப்பதே எங்களுக்கு அவமானம் என்றார்கள். சி.பி. ஃப்ரை என்ற பெரிய ஆட்டக்காரர்கூட அப்படித்தான் பேசினார். "தப்பு நடக்கிறது" என்று சொல்வது அவர்களுக்கு அவமானமாகப்பட்டது, கால் உடைந்து கிடந்தவனின் வலி கணக்கில் வரவில்லை. "எங்க ஊர்ல சாதி பாக்கறதில்லீங்க" என்கிறவரும் அதே கனவான்தான். ஆனாலும் 1891இல் சட்டம் வந்தது.

அதே 1891இல்தான் நடுவர் மைதானத்துக்குள்ளே வந்தார். இது நிறையப் பேருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஒவ்வொரு அணியும் தன் பக்கம் ஒரு அம்பயரைக் கொண்டுவரும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாதபோது மட்டும், வெளியே நிற்கிற மூன்றாவது ஆளிடம் கேட்பார்கள். அந்த மூன்றாவது ஆள்தான் ரெஃப்ரி. இரண்டு தரப்பும் கேட்டால் சொல்கிறவர் என்றுதான் அந்தச் சொல்லுக்கே அர்த்தம். 1891இல் அவரை உள்ளே கொண்டுவந்து ஊதலும் முழு அதிகாரமும் கொடுத்து, இரண்டு அம்பயர்களையும் கோட்டுக்கு வெளியே தள்ளி லைன்ஸ்மேன் ஆக்கினார்கள். நான் சொல்ல வருவது இதைத்தான்: நடுவருடைய அதிகாரம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆளுக்குத்தான் அது போனது. ஒரு தரப்பே ஆளைப் போட்டு, அவருக்குச் சோறும் போட்டு, அவர் தீர்ப்பே முடிவு என்று நம்மிடம் சொன்னால், அந்த ஆளை நடுவர் என்று எந்த அர்த்தத்தில் சொல்வது?

அருள்புரத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கம்பெனி செக்கிங்கில் ஓகே ஆன பீஸை பையர் அப்படியே ஏற்றுக்கொள்கிறானா? அவன் தன் க்யூசியை அனுப்புகிறான், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது கம்பெனி ஆளை அனுப்புகிறான். அட்டைப்பெட்டியைப் பிரித்து, டேப் வைத்து அளந்து, இத்தனை பீஸுக்கு இத்தனை டேமேஜ் வரை பாஸ் என்று எழுதிய கணக்கு வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுகிறான். நான் வேலை பார்க்கிற பேங்கிலும் அதுதான். ஒருத்தர் பதிந்ததை அவரே பாஸ் பண்ண முடியாது, இன்னொருத்தர் பார்த்தாக வேண்டும். பனியனுக்கும் பணத்துக்கும் இத்தனை ஜாக்கிரதை. நம் பையனுடைய காலுக்கும் பெயருக்கும் மட்டும் "நம்புங்க தம்பி" போதுமா?

அப்படியானால் மைதானத்தை விட்டு வெளியே வந்துவிடலாமா? தம்பிகளில் பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறீர்கள். வெளிநடப்புக்கும் வரலாறு இருக்கிறது, அதையும் பார்ப்போம்.

பல்வங்கர் பாலுவை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மைப்போல் தீண்டப்படாதவராகப் பிறந்து, புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பராமரிக்கிற வேலைக்குப் போய், அவர்களுக்குப் பந்து வீசியே பெரிய பந்து வீச்சாளரானவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் இந்து அணிக்குத் தலைவர் பதவி மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. பந்து வீச அவர் கை வேண்டும், தலைமைக்கு அவர் தலை ஆகாது. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆடமாட்டோம் என்று விலகினார்கள், காரணத்தையும் பத்திரிகையில் எழுதினார்கள். பேச்சு ஊரெல்லாம் பரவியது. 1923இல் தம்பி விட்டல் தலைவரானார், அந்த அணி ஐரோப்பியர்களை வென்றது. இங்கே வெளிநடப்பு வேலை செய்தது. ஏன்? அவர்கள் இல்லாமல் அந்த அணி ஜெயிக்காது.

கல்கத்தாவைப் பாருங்கள். அங்கே லீகின் முதல் பிரிவில் இரண்டு இந்திய கிளப்புக்கு மேல் கூடாது என்று 1925 வரை ஒரு விதி இருந்தது. மேலே வருவதையே தடுத்தார்கள் என்றால் உள்ளே நியாயம் எப்படி இருந்திருக்கும்? 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை மொகமதன் ஸ்போர்ட்டிங் லீகை வென்றது. 1939இல் சங்கத்தின் நடத்தை பொறுக்காமல் மொகமதன், ஈஸ்ட் பெங்கால், காளிகாட் கிளப்கள் லீகை விட்டு விலகின. லீக் நின்றுவிடவில்லை. மோகன் பகான் முதல்முறையாகப் பட்டம் வாங்கியது. ஒற்றுமை இல்லாத வெளிநடப்பில், உள்ளே நின்றவனுக்குக் கோப்பை.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2023 மார்ச்சில் பெங்களூரில் ஐ.எஸ்.எல். ஆட்டம். கேரளா அணி தடுப்புச் சுவர் கட்டி முடிப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைப் போட்டுவிட்டார், நடுவர் கோல் என்றார். கேரளா அணி மொத்தமாக வெளியேறியது. தண்டனை என்ன தெரியுமா? அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டம் தடை, மேலும் 5 லட்சம். அவர்களுக்குக் கோடி இருந்தது. நம் பசங்களுக்கு எண்ட்ரி ஃபீஸ் கட்டவே எத்தனை பேர் வீட்டில் வாங்கினோம் என்று உங்களுக்கே தெரியும். நாம் வெளியே வந்தால் அடுத்த வருஷம் நோட்டீசே வராது. அவர்களுக்கு அது சௌகரியம். நாம் வெளியே நிற்பதுதானே காலங்காலமாக அவர்கள் கேட்டது?

நான் இப்படிப் பேசுவதைப் பயம் என்று நினைக்க வேண்டாம். பயப்படக் காரணமும் இருக்கிறது என்பதை மறைக்கவும் விருப்பமில்லை. 2025 மார்ச் 10ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் பையனைக் கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அந்தப் பையன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். நன்றாக யோசியுங்கள். தோற்றால் ரெஃப்ரி மேல் பழி போடுகிறோம் என்கிறார்கள். ஜெயித்தால் விரல் போகிறது. நடுவர் ஊதலை விழுங்குவதும், பஸ்ஸை மறித்து அரிவாளை எடுப்பதும் வேறு வேறு குற்றங்கள், அளவும் வேறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடக்கிற எண்ணம் ஒன்று: இவன் நம்மை ஜெயிக்கலாமா?

அதனால்தான் நம் பாட்டிமார் "விட்டுக் குடுத்துட்டு வந்துருங்க சாமி" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற அனுபவத்தை நான் மதிக்கிறேன். அந்தப்படி நடக்கச் சொல்லி உங்களிடம் சொல்லமாட்டேன்.

வேறொன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கூடைப்பந்து லீகின் பல வருஷ ஆட்டங்களை இரண்டு பொருளாதாரக்காரர்கள் கணக்கெடுத்தார்கள். மூன்று நடுவரும் வெள்ளையர் என்றால் கறுப்பு ஆட்டக்காரர்மீது விழுகிற ஃபவுல் கூடுகிறது, நாலு சதவீதம் வரை. 2007இல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. லீக் நிர்வாகம் மறுத்தது, கோபப்பட்டது. ஆனால் அதற்குப் பின் வந்த வருஷங்களை மறுபடி கணக்கெடுத்தபோது அந்தப் பாரபட்சம் காணாமல் போயிருந்தது. நடுவர்களை மாற்றவில்லை, யாரையும் தண்டிக்கவில்லை. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தது, கை திருந்தியது. அடிப்பதற்கு முன்னால் எண்ணிப் பாருங்கள் என்பது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. நடந்த காரியம்.

நாம் எண்ணுகிறோமா? "எல்லா ஃபவுலும் நமக்குத்தான் குடுத்தான்" என்போம். எத்தனை என்று கேட்டால் தெரியாது. அவர்களிடம் மைக் இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, கோப்பை இருக்கிறது. நம்மிடம் கோபம் மட்டும் இருக்கிறது. கோபத்தை எழுதி வைக்காவிட்டால் அது மறுநாள் ஷிப்டில் கரைந்துவிடும்.

அடுத்தது, போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே எழுதிக் கேட்க வேண்டும். நடுவர் யார், எந்தச் சங்கத்தில் பதிந்தவர், ஆடுகிற அணிகளில் எவரோடாவது உறவா, யார் வீட்டில் தங்குகிறார். பதில் வராவிட்டால் அந்தக் காகிதத்தின் நகலை மாவட்டச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஆட்டத்தின் நடுவே கேட்டால் அட்டை கிடைக்கும், முன்னால் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். உள்ளே கேட்க வேண்டியிருந்தால் கேப்டன் மட்டும் போய்ப் பேசட்டும். உலக அளவில் சட்டம் எழுதுகிறவர்களே 2024இலிருந்து அப்படி ஒரு வழிமுறை வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால் அவர்களுக்குச் சாட்சி நாமே கொடுக்கிறோம். மைக்காரரிடம் அணிப் பட்டியலைக் கொடுக்கும்போது பெயரோடு கொடுங்கள். பெயர் சொல்லாமல் "காலனி ஏழு" என்றால் கேப்டன் போய்ப் பந்தை நிறுத்திக் கேட்கலாம். அதற்குச் சிவப்பு அட்டை காட்டச் சட்டத்தில் இடமில்லை, அதிகம் போனால் மஞ்சள். அந்த ஒரு மஞ்சளை நாம் தாங்கலாம் என்பது என் கட்சி.

கடைசியாக ஊதல். கால்பந்துக்கு மொத்தம் பதினேழு சட்டம்தான். நம் பசங்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? நடுவர் தேர்வில் சட்டமும் கேட்பார்கள், ஓடவும் விடுவார்கள். சாயப்பட்டறை வாசல் வரைக்கும் சைக்கிளை மிதித்துப் போய் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு ஓட்டம் ஒரு கஷ்டமா? திண்டுக்கல் ரூபாதேவி பந்தாடிக்கொண்டிருந்த பெண், பிறகு ஊதலை எடுத்தார், 2016இல் ஃபிஃபா நடுவராகிவிட்டார். பின் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிற தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஆள் நடுவராகிவிட்டால் நமக்குச் சாதகமாக ஊதுவான் என்று கணக்குப் போட வேண்டாம். அப்படி ஊதினால் நானே புகார் எழுதுவேன். ஆனால் நடுவர் அறைக்குள் நம் ஆள் ஒருத்தர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் அங்கே பேசுகிற பேச்சு மாறும். இதுவரை அந்த அறைக்குள் நம்மைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது.

இரண்டு நோட்டு வாங்கி வந்திருக்கிறேன், கோடு போட்டே இருக்கிறது. இடது பக்கம் நமக்கு, வலது பக்கம் அவர்களுக்கு: எத்தனையாவது நிமிஷம், என்ன தப்பு, ஊதினாரா இல்லையா. நம் பையன் இழுத்த சட்டையையும் எழுத வேண்டும், அதைச் சத்தியமாக எழுத வேண்டும். ஒன்றை நம் ஆள் எழுதட்டும். இன்னொன்றை அந்த ஊர்க் கோலிப் பையனிடம் கொடுத்துப் பார்க்கலாமா என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. அவன் செல் நம்பர் நம் ஏழாம் நம்பரிடம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு யார் எழுதுகிறீர்கள், கையைத் தூக்குங்கள்.